ரேடியேட்டர்ல ரப்பர் பால் ஊத்தின கதை

கருகின ரப்பர் வாசம்... முப்பது வருஷமாச்சு, இன்னும் மூக்கை விட்டுப் போகல.

அப்போ குலசேகரத்துல என்கிட்ட ஒரு பழைய அம்பாசடர் டாக்சி. கல்யாணமான புதுசு. வீட்டுல அடுப்பு எரியுறதே அந்த ஒரு வண்டியாலதான். ரேடியேட்டர்ல சின்னதா ஒரு ஒழுக்கு. ரப்பர் ஊர்க்காரன் மூளை எப்படி வேலை செய்யும்? தோட்டத்துல ஒரு டம்ளர் ரப்பர் பால் வாங்கி உள்ள ஊத்திட்டேன்!

ரெண்டு நாள் சொட்டுகூட ஒழுகல. பெரிய விஞ்ஞானி கணக்கா நடந்தேன். மூணாவது நாள் திற்பரப்புல இருந்து வரும்போது, குபுகுபுன்னு ஆவியோட நடுரோட்டுல நின்னுடுச்சு. சூட்டுல பால் உறைஞ்சு தண்ணி போற வழியெல்லாம் அடைச்சு, கேஸ்கட் எரிஞ்சு, எஞ்சினுக்கு மேல்மூடியா இருக்கிற ஹெட்டே வளைஞ்சு போச்சு.

ஒர்க்‌ஷாப்ல வேற ஹெட் போடணும்னாங்க. அதுக்கெல்லாம் கைல காசு ஏது? வண்டியைக் கட்டி இழுத்து வீட்டு வாசல்ல கொண்டு போட்டேன். திங்கட்கிழமை ஸ்கூல் திறக்குது... பிள்ளைங்களைக் கொண்டு விடுற மாச ட்ரிப், அன்னிக்குப் போகலேன்னா வேற வண்டிக்குப் போயிடும்.

குளச்சல்ல போட் எஞ்சின் பார்க்கிற என் கூட்டாளி சேவியருக்கு பூத்ல இருந்து போன் பண்ணேன். அடுத்த பஸ்லயே வந்தான். திறந்து பார்த்துட்டு ஒரே சிரிப்பு.

"எலே மக்கா, எஞ்சினுக்கு எவனாவது பால் குடுப்பானாலே?"

சிரிச்சுக்கிட்டே கம்பி விட்டு, உறைஞ்சதையெல்லாம் துண்டு துண்டா தோண்டி எடுத்தான். "இனி ஹெட்ட தேய்ச்சு வளைவ எடுக்க, மட்டமா ஒரு தடிச்ச கண்ணாடி வேணும்லா"ன்னான். என் மனைவி லீலா தையல் மேசை மேல கிடந்த கண்ணாடியைத் தூக்கிட்டு வந்தா. அதுமேல எமரி பேப்பரை, அதான் உப்புத்தாளை, ஒட்டி, ஹெட்டைக் கவுத்துப் போட்டு, மூணு நாள் மாத்தி மாத்தித் தேய்ச்சோம். அவன் ஸ்கேலை வச்சு வெளிச்சத்துக்கு நேரா பார்ப்பான், "இன்னும் கொஞ்சம்"பான். கையெல்லாம் கொப்புளம். புதுசா வாங்கினது கேஸ்கட் ஒண்ணுதான்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஸ்டார்ட் ஆச்சு. லீலா அழுதுட்டா. நானும்தான்.

திங்கள் காலைல பிள்ளைங்களை ஏத்திட்டுக் கிளம்பினா, சேவியர் முன் சீட்டுல வந்து உட்கார்ந்துட்டான். "ஹார்பர்ல உனக்கு வேலை கிடக்குல்ல, போலே"ன்னேன்.

"லோடோட ஏத்தம் ஏறும்போது எஞ்சின் சத்தத்த கேக்காம நான் எப்படிப் போவேன்? நீ வண்டிய எடு."

ஸ்கூல் வாசல் வரைக்கும் காதைத் தீட்டிக்கிட்டு வந்தான். நல்லாருக்குங்கிறதுக்கு எங்க ஊர்ல சொல்ற மாதிரி "கொள்ளாம்"னு ஒரே வார்த்தை... இறங்கி பஸ் ஏறிட்டான். என்ன மனுஷன்யா!

இப்போ என் காருக்கு ஏதாவதுன்னா லேப்டாப் மாட்டிப் பார்க்கிறாங்க, பார்ட்டை மாத்துறாங்க, ஒரு மணி நேரத்துல சாவியைக் கைல குடுத்துடுறாங்க. குறை சொல்ல ஒண்ணுமில்ல.

சாவியை வாங்கி ஸ்டார்ட் பண்ணினா... பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கு.