சாயாக்கடைக்காரர் விரலும் கிளிக்குஞ்சின் கஞ்சியும்

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி முருகேசன் ஒரு கிளிக்குஞ்சைக் கொல்லப் பார்த்தான். அதுவும் எப்படி? பாசத்தோடு!

முருகேசனுக்குக் கொச்சி மட்டாஞ்சேரியில் சாயாக்கடை. கடைக்கு மேல் மாடியில் ஒரு போர்ஷன் அவனுக்கும் அவன் மனைவி ஷீபாவுக்கும், ஒன்று எனக்கு. ஷீபா மலையாளி. பால்கனியில் ஒரு ஜோடி காக்டெய்ல் வளர்க்கிறாள்... பதறாதீர்கள், கிளாஸில் ஊற்றுவது அல்ல. காக்கட்டீல் என்கிற, கொண்டை வைத்த சின்னக் கிளி; எங்கள் வாயில் அது காக்டெய்ல்.

தாய்ப் பறவைக்கு என்ன கோபமோ, திடீரென்று குஞ்சுகளுக்குத் தீனி கொடுப்பதை நிறுத்திவிட்டது. இரண்டு போய்விட்டன. மிச்சம் ஒன்று. உடம்பெல்லாம் முள் முள்ளாக இறகு முளைக்கிற பருவம். அழகு என்று சொன்னால் பொய். ஆனால் ஷீபா அன்று காலையிலிருந்து சாப்பிடவில்லை. இதுவும் போய்விட்டால் இனி வீட்டில் பறவையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

காக்கநாட்டிலிருக்கும் ஒரு பறவை டாக்டரைப் போனில் பிடித்தோம். குஞ்சுகளுக்கென்றே விற்கும் பொடியைக் கஞ்சி மாதிரி கரைக்க வேண்டுமாம். நம் உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம்போல் அதிகம் இருக்கலாம். அதற்கு மேல் போனால் கழுத்துக்குக் கீழே இருக்கும் தீனிப்பை வெந்துவிடும். ஆறிப்போனால் செரிக்காது. அவசரப்பட்டு ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கும். அந்தப் பை காலியான பிறகுதான் அடுத்த வேளை. எல்லாம் சொல்லிவிட்டு, "தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்" என்று ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னார்.

நம் ஆள் கேட்பானா?

"தெர்மாமீட்டரா? எத்தன வருஷமா சாயா அடிக்கிறேன்... எனக்குத் தெரியாத சூடாக்கா?"

வாங்கி வந்த பொடியை வெந்நீரில் அவனே கரைத்து, கஞ்சியில் விரலை விட்டான். "சூடே இல்ல. பச்சத் தண்ணியா இருக்கு."

குஞ்சு தலையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தது. முருகேசன் ஸ்பூனை எடுத்து அதன் அலகுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டான். ஷீபாவுக்கு என்ன தோன்றியதோ, குறுக்கே கையை நீட்டினாள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விழுந்தது.

"அய்யோ சேட்டா, பொள்ளுது! நில்லுங்க!"

காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து கஞ்சியில் வைத்தேன். அது எண்ணே காட்டவில்லை; அளவுக்கு மேல் சூடு என்பதற்கு வரும் 'H' மட்டும் வந்தது. இந்தச் சூட்டையெல்லாம் என்னால் அளக்க முடியாது என்று கையை விரித்துவிட்டது!

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கொதிக்கிற கிளாஸைத் துணி இல்லாமல் எடுத்து நீட்டுகிறவன் அவன். வாங்குகிற நாம்தான் இந்தக் கை அந்தக் கை என்று மாற்றித் துள்ளுவோம். அவன் பொய் சொல்லவில்லை. அவன் விரலுக்கு நிஜமாகவே சுடவில்லை. நம்மில் பல பேர் இப்படித்தானே? பட்டுப் பட்டு நமக்கு மரத்துப்போயிருக்கும். அடுத்தவர் 'சுடுகிறது' என்றால், 'இதெல்லாம் ஒரு சூடா' என்போம். அலுவலகத்தில் மேனேஜர், வீட்டில் அப்பா, கல்யாண வீட்டில் மாமியார்... எல்லோருக்கும் ஒரு சாயாக்கடை விரல் இருக்கிறது.

முருகேசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "கொன்னுருப்பேனேக்கா" என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கஞ்சி பதமாக ஆறியதும் ஸ்பூனைத் தொடவே மாட்டேன் என்றான். "நீயே குடு ஷீபா. என் கைய நம்ப முடியாது."

ஷீபா ஸ்பூனை அவன் கையிலேயே திணித்தாள். "நீங்க தன்னே கொடுக்கணும். சூடு நான் பாக்குறேன்."

கொடுத்தான். ஒரு மடக்கு, நிறுத்தி, இன்னொரு மடக்கு. சாயாவை ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றுகிற கை, ஸ்பூனை அலகை விட்டு அரை அங்குலம்கூட உயர்த்தவில்லை. குஞ்சின் தீனிப்பை மெல்ல உப்பியதைப் பார்த்துவிட்டு, ஷீபா ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கும் அப்போதுதான் பசித்தது.

தெர்மாமீட்டர் இப்போது கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு வேளையும் கடையை அப்படியே விட்டுவிட்டு மாடியேறி வந்து, "ஷீபா, கை குடு" என்கிறான் முருகேசன். அவள் மணிக்கட்டைப் பிடித்து, ஒரு சொட்டு விட்டு, முகத்தைப் பார்க்கிறான். கல்யாண ஃபோட்டோவில்கூட இவன் அவள் கையைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

இன்னும் சில வாரங்களில் குஞ்சு தானாகத் தின்னப் பழகிவிடும் என்கிறார் டாக்டர். அவசரமே இல்லை என்கிறாள் ஷீபா!