ஆறாவது பிரதி

நான் எடுத்த ஒரு போட்டோவுக்கு ஐந்தே ஐந்து பிரதிதான், ஆறாவது என்று ஒன்று இந்த உலகத்தில் இருக்கவே கூடாது என்று என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார், சென்னையில் ஆர்ட் கேலரி நடத்தும் அந்த அம்மா. நான் கம்பத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவன். பாஸ்போர்ட் படம் எட்டு கேட்டால் இரண்டு சேர்த்துக் கொடுத்தே பழக்கம். பிளக்ஸ் என்றால் சதுர அடிக் கணக்கு. இவர் சொன்ன கணக்கில் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அவரே விளக்கினார். முதல் பிரதிக்கு ஒரு விலை. அது போனதும் அடுத்ததற்கு விலை கூடும். ஐந்தாவதுதான் எல்லாவற்றையும் விட உசத்தி. எங்கள் ஊர்ச் சந்தையில் கடைசிக் கூடை திராட்சையைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு பஸ் ஏறுவார்கள். அங்கே கடைசிக்குத்தான் கிராக்கி. "விலை படத்துக்கு இல்ல சார். அது வேற யார்கிட்டயும் இல்லைங்கறதுக்கு" என்றார். அடேயப்பா, என்ன வியாபாரம்!

படத்தில் இருப்பது என் சித்தி. திராட்சைப் பந்தலுக்குக் கீழே இரண்டு கையையும் தூக்கிக் குலை வெட்டிக்கொண்டே என்னைத் திட்டுகிறாள். "ஏலே, படம் புடிச்சது போதும், வந்து கூடையப் புடி" என்று சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்த நேரம். ஆயுசு முழுக்க அடுத்தவர் தோட்டத்தில் அப்படிக் கை தூக்கி நின்றவள். படத்தின் பின்னால் அவள் பெயரை எழுதித்தான் அனுப்பினேன். கேலரியில் அதை அழித்துவிட்டு 'பெயரற்றவள்' என்று தலைப்பு வைத்தார்கள். பெயர் இருந்தால் குடும்பப் படமாம், இல்லாவிட்டால்தான் கலையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று பிரதிகள் அந்தத் தலைப்போடுதான் விற்றன.

சித்தி தன் வீட்டில் மாட்ட ஒன்று கேட்டாள். நான் சென்னைக்குப் போன் போட்டுக் கேட்டேன். கூடவே கூடாது, வாங்கியவர்களுக்குச் செய்யும் துரோகம் என்று பதில் வந்தது.

"என்னலே சொன்னாக அந்தம்மா?"

"தர மாட்டாகளாம் சித்தி."

"என் மூஞ்சிய எனக்குத் தர மாட்டேன்னு சொல்ல அவுக யாரு?"

போன மாசியில் சித்தி இறந்துபோனாள். நெஞ்சுவலி. தேனி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கண்ணீர் அஞ்சலி பிளக்ஸுக்குப் படம் வேண்டுமென்று அவள் மகன் ஸ்டுடியோவுக்கு வந்து நின்றான். "ஆதார்ல இருக்குற படந்தாண்ணே இருக்கு. அம்மா மாதிரியே இல்ல" என்று அழுதான். ஒப்பந்தமாவது மண்ணாங்கட்டியாவது! அந்தத் திராட்சைப் பந்தல் படத்தையே எட்டடிக்கு அடித்து, கீழே அவள் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டேன். தெருமுனையில் கட்டினோம். இங்கே எல்லோரும் செய்வதுபோல நானும் அதைப் போனில் ஸ்டேட்டஸ் வைத்தேன். கேலரி அம்மாவும் அதைப் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை சுடுகாட்டில் சாம்பலுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவரிடமிருந்து போன். ஒரு வார்த்தை துக்கம் கேட்பார் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"இறந்துட்டாங்கன்னு முதல்ல எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே சார்? மீதி ரெண்டு பிரதிக்கும் விலை ஏத்தியிருப்போம். இப்போ தெருவுல தொங்குது. இனிமே யார் வாங்குவாங்க?"

பாவி! துக்க வீட்டில் கத்தக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் விடவில்லை. சரிக்கட்ட ஒரு வழி இருக்கிறதாம்.

"அந்த பேனரை இறக்கி எரிச்சிடுங்க. எரியறப்போ முகம் தெரியற மாதிரி வீடியோ எடுத்து அனுப்புங்க. வாங்கினவங்களுக்குக் காட்டணும்."

எதிரே சித்தியின் மகன் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான்.

"நேத்துத்தான் மேடம் எரிச்சிட்டு வந்தோம்" என்றேன். "இன்னொரு தடவை என்னால ஆகாது."