பட்டு நூலில் தைத்த கார் விளக்கு

எங்கள் சித்தப்பாவை நம்பி எதையும் கொடுக்கக் கூடாது என்பது பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கே தெரிந்த சங்கதி. அப்பாவுக்கு மட்டும் தெரியாது. தெரிந்திருந்தால், அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களின் கார் சாவியை அந்த மனுஷர் கையில் கொடுத்திருப்பாரா?

மாப்பிள்ளை வீட்டார் மெட்ராஸிலிருந்து விடிவதற்குள் கிளம்பி, காலையிலேயே அம்பாசிடர் காரில் வந்து இறங்கிவிட்டார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. மாப்பிள்ளைக்கு ஆபீஸ் உத்தியோகம். தறியை நம்பிப் பிழைக்கிற வீட்டுக்கு இப்படி ஒரு இடம் இன்னொரு தடவை அமையாது என்று அம்மா வேண்டாத சாமியில்லை. அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, விரலெல்லாம் நூல் அறுத்த தழும்பாக இருக்கிறதே, கல்யாணமாகிவிட்டால் தறிப் பக்கமே போகவேண்டாம் என்றார். எங்கள் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அக்கா கையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வந்தவர்கள் அம்மன் கோயிலுக்கு நடந்தே போனார்கள். தரிசனம் முடித்துச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லி, காரை நகர்த்த வேண்டியிருந்தால் இருக்கட்டும் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார் மாப்பிள்ளையின் அப்பா. நகர்த்தத்தான் வேண்டியிருந்தது. எதிர் வீட்டில் அன்றைக்குப் பாவு போடுகிற நாள். புடவைக்கான நீள இழைகளைத் தெரு நெடுக இழுத்துக் கட்டித்தான் சரி பார்ப்போம். நடுவில் கார் நின்றால் எப்படி?

“கார எடுங்கப்பா, வெயில் ஏறிக்கினே இருக்குது” என்று எதிர் வீட்டுக்காரர் ஒரு குரல் கொடுத்ததுதான் தாமதம், சித்தப்பா அப்பா கையிலிருந்து சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். எந்தக் காலத்திலோ ஒரு லாரியில் கிளீனராக இருந்தவர். கிளீனருக்கு வேலை லாரியைக் கழுவுவது என்பது அந்த நேரம் பார்த்து ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

முன்னால் போகவேண்டிய கார் பின்னால் போயிற்று. பாவு கட்டுவதற்காகத் தெருவோரம் நட்டிருந்த கல்லில் போய் இடித்து நின்றது. பின்பக்கத்துச் சிவப்பு விளக்கின் பிளாஸ்டிக் மூடி இரண்டாகப் பிளந்துவிட்டது. மேல் பாதி திருகில் நின்றது. கீழ்ப் பாதி திருகு ஓட்டையும் உடைந்து தரையில் கிடந்தது.

இந்த இடத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. தெரியாமல் இடித்துவிட்டோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகிற விஷயம். அப்பாவோ தலையில் அடித்துக்கொண்டார். “நல்ல காரியத்துக்கு வந்தவங்க வண்டிய உடைச்சு வெச்சிருக்கியேடா! பொண்ணு கட்டுவாங்களாடா அவங்க?”

“சும்மா இருண்ணா. அவங்க வர்றதுக்குள்ள ஒட்டிட மாட்டேன்? பிளாஸ்டிக்குதானே” என்றார் சித்தப்பா.

பிளாஸ்டிக்குதானாம்! எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் என்று இருந்தது ஒரு சோப்பு டப்பா. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு இறங்கினார். முதலில் அரக்கை உருக்கி ஊற்றினார். அது ஆறியதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அப்புறம் கத்தியைப் பழுக்கக் காய்ச்சி விளிம்பில் வைத்தார். விளிம்பு ஒட்டவில்லை, உருகி ஓட்டை விழுந்ததுதான் மிச்சம். அந்த நாற்றம் சாம்பார் வாசனையை அமுக்கிவிட, அம்மா அவரைத் திட்டிக்கொண்டே வீடெல்லாம் சாம்பிராணி போட்டாள்.

கடைசியில், “தைச்சிடலாம்” என்றார். கோணி ஊசியைக் காய்ச்சி இரண்டு பாதியிலும் வரிசையாக ஓட்டை போட்டார். மூடியும் சிவப்பு, பட்டு நூலும் சிவப்பு, யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? ஆயுசில் அவருக்குத் தோன்றிய ஒரே உருப்படியான யோசனை. ஆனால் பதற்றத்தில் அவருக்கு ஊசியில் நூலே ஏறவில்லை. அம்மா உள்ளே போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பாவில் அறுந்த இழையை அக்கா முடிச்சுப் போட்டு இணைத்தால், அந்த இடத்தை அப்பாவாலேயே கண்டுபிடிக்க முடியாது.

பெண் பார்க்க உடுத்தின பட்டுப்புடவையோடு அக்கா கார் சக்கரத்துக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்தாள். ஒரே சீராகத் தைத்தாள். எட்டிப் பார்த்த சித்தப்பா, தானே தைத்ததுபோல மீசையைத் தடவிக்கொண்டு போனார். நூல் முனையைப் பின்பக்கமாக இழுத்துச் சும்மா செருகிவிட்டுக் கையை நீட்டினாள் அக்கா.

“முடிச்சு போடலியேக்கா?” என்றேன்.

“பட்டுக்கு முடிச்சு வேணாம். வாய மூடிக்கினு கத்திரிய குடு.”

முடிச்சில்லாவிட்டால் பட்டு வழுக்கிவிடும் என்பது எங்கள் தெருவில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று கத்தரியைக் கொடுத்தேன்.

வந்தார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள். பெண் பிடித்திருக்கிறது, அடுத்த வாரம் வந்து தட்டு மாற்றிக்கொள்கிறோம் என்று மாப்பிள்ளையின் அப்பா வாய்விட்டுச் சொல்லியும்விட்டார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தெருவே வாசலில் நின்று வழியனுப்ப, கார் கிளம்பியது. நாலு வீடு தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கீழ்ப் பாதி ‘டக்’ என்று விழுந்தது. போதாததற்கு, எதிர் வீட்டுக்காரர் அதைப் பொறுப்பாக எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் காரை நிறுத்தி மாப்பிள்ளையின் அப்பா கையிலேயே கொடுத்தார்.

அவர் இறங்கி வந்து, விளக்கிலிருந்து தொங்கிய சிவப்பு நூலைப் பார்த்தார்.

“அது மொதல்லியே அப்பிடித்தாங்க இருந்துச்சு” என்றார் சித்தப்பா. இந்த மனுஷரை என்ன செய்வது, சொல்லுங்கள்!

“மெட்ராஸ்ல கார் விளக்குக்குப் பட்டு நூலா போடறாங்க?” என்று கேட்டுவிட்டு அவர் அப்பாவைப் பார்த்தார். “உடைச்சதுகூடப் பரவாயில்லைங்க. மறைச்சீங்க பாருங்க. பொண்ணு விஷயத்துல இன்னும் என்னென்ன மறைச்சிருக்கீங்களோ.” அப்பா வாயைத் திறப்பதற்குள் கார் போய்விட்டது. அந்தப் பேச்சு அதோடு முறிந்தது.

வீட்டுக்குள் ஒரே ரகளை. அப்பா சித்தப்பாவைத் திட்டினார். சித்தப்பா ரோட்டைத் திட்டினார். அம்மா இரண்டு பேரையும் சேர்த்துச் சபித்துவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுதாள். அக்காவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் பட்டுப்புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பழைய புடவையோடு தறிமேடையில் உட்கார்ந்து மிச்சமிருந்த கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு கை அள்ளிக் கொடுத்தாள்.

நான் அதைத் தறிமேடையிலேயே வைத்துவிட்டேன். அத்தனை கெட்டிக்காரி, வாழ்க்கையே அமைகிற நாளில் போய் ஒரு முடிச்சில் ஏமாந்துவிட்டாளே என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். நீ என்ன பண்ணுவே பாவம், விடுக்கா என்று நான்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.