மூன்றாவது தூணும் நத்தைக்கார ரெமெய்யும்

வலென்சியா பெரிய சந்தையில் ரெமெய் முப்பத்தொரு வருடமாகச் சமையலுக்கு நத்தை விற்கிறாள். தலையை நிமிர்த்தினால் எதிரே பட்டு வணிகர் மண்டபம். ஐந்நூறு வருடத்துக் கட்டடம். அதற்குள் அவள் ஒருநாளும் காலடி வைத்ததில்லை.

"அது எங்க ஓடிடப் போகுது? நத்தைதான் ஓடும்," என்பாள். அவள் கூடையிலிருந்து நத்தைகள் அடிக்கடி ஓடவும் செய்தன.

ஆனால் வழி கேட்கும் பயணிகளை அவள் சும்மா அனுப்புவதில்லை. "மூணாவது தூண மூச்சப் பிடிச்சு மூணு சுத்து சுத்துங்க. வருஷத்துக்குள்ள கல்யாணம்!" அது அவளே கட்டிய கதை. மண்டபம் கல் கல்லாகத் தனக்குத் தெரியும் என்று வீட்டிலும் பீற்றி, இந்தக் கதையை அங்கேயும் விற்றிருந்தாள்.

ஆகவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை சகுந்தோவிலிருந்து அவள் கணவனின் அக்கா பிலொமேனா வந்து, "வா, மண்டபத்தக் காட்டு" என்றபோது ரெமெய்யால் தட்ட முடியவில்லை. குட்டு உடைந்தால் கிறிஸ்துமஸ் விருந்தில் வான்கோழிக்குப் பதில் அவளைத்தான் கிழிப்பார்கள்.

மண்டப வாசலில் எனக்கு வேலை. என்னைக் கடக்கும்போது ரெமெய், "என்னம்மா, எப்பவும் போலதானே?" என்று கண்ணடித்தாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

உள்ளே முறுக்கிய கயிறு போல உயர்ந்து நின்ற தூண்களைக் கண்டதும் ரெமெய் வாயைப் பிளந்தாள்.

"என்னடி, புதுசா பாக்கற மாதிரி பாக்கற?" என்றாள் பிலொமேனா.

"வர்றப்பல்லாம் புதுசாத்தான் தெரியும் அண்ணி. நத்தை முதுகப் பாத்துச் செதுக்கினது."

"எந்த நத்த?"

"எங்க கடை நத்தையோட பாட்டன்."

"சரி, கழிப்பறை எங்க?"

இதற்குக் கதை கட்ட முடியாது. ரெமெய் ஏதோ ஒரு கதவைத் திறந்தாள். ஆரஞ்சு மரங்கள் நிற்கும் முற்றம். வேறு கதவு, அதே முற்றம்.

"மரத்தடியிலயா உக்காரச் சொல்ற? உண்மையச் சொல்லு, நீ இங்க வந்திருக்கியா?"

ரெமெய் வாய் திறக்குமுன் கூடத்திலிருந்து ஒரு வழிகாட்டிப் பெண்ணின் குரல் கேட்டது: "இதாங்க மூணாவது தூண். மூச்சப் பிடிச்சு மூணு சுத்து சுத்தினா வருஷத்துக்குள்ள கல்யாணம். அந்தக் கால வணிகர்களோட நம்பிக்கை!" பத்துப் பேர் முகம் சிவக்கச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அட, நீ சொன்னதேதான்!" பிலொமேனாவுக்குக் கழிப்பறை மறந்தது. பன்னிரண்டு வருடமாகத் தனியாக இருக்கும் அவள், கைப்பையை ரெமெய்யிடம் திணித்துவிட்டுச் சுற்ற ஆரம்பித்தாள். மூன்றாவது சுற்றில் தலை கிறுகிறுத்து, மூலையில் யாரும் பார்க்காமல் ரொட்டி கடித்துக்கொண்டிருந்த காவலர் எலிசேயு மேல் சாய்ந்தாள். ரொட்டி ஒரு பக்கம், உள்ளிருந்த முட்டை ஒரு பக்கம்.

"கழிப்பறை எங்கங்க?" என்று அவர் மார்பிலிருந்தபடியே கேட்டாள்.

அதன்பின் பிலொமேனா எலிசேயுவைப் பார்க்க ஞாயிறுதோறும் வந்தாள். துணைக்கு ரெமெய், கல் கல்லாகத் தெரிந்தவள் அவள்தானே. சந்தை மூடும் அந்த ஒரு நாள் ஓய்வும் அவளுக்குப் போயிற்று. ஒரு மாதம் பொறுத்துவிட்டு ரெமெய் என் காதில் கேட்டாள்:

"தூண எதிர்ப்பக்கமா சுத்தினா வர்ற கல்யாணம் நின்னுடும்னு சொல்லிப் பாக்கட்டா?"

"உங்க கதை, உங்க இஷ்டம்," என்றேன்.

அடுத்த ஞாயிறு ஏழெட்டுப் பேர் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால், மூச்சைப் பிடித்தபடி, எலிசேயு.