ஒரே ஒரு ஆசிரியர் போதும்

ஊட்டியில் நடக்கும் ஆசிரியர் பயிலரங்குகளில் முதல் வேலை பாட்டுப் பாடுவது. தலை நரைத்த பெரிய மனுஷர்கள் வட்டமாக நின்று, கையைத் தும்பிக்கையாக்கி ஆட்ட வேண்டும். அப்புறம் சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, குழு விவாதம், நடுவில் டீயும் வடையும். யாராவது நன்றாகப் பேசிவிட்டால் மழைக் கைதட்டல் உண்டு. ஒரு விரலால் தட்டத் தொடங்கி, ஒவ்வொரு விரலாகச் சேர்த்து, மழை வலுக்கிற மாதிரி தட்டி, அதே மாதிரி ஓய வேண்டும். இதையெல்லாம் கிண்டல் செய்கிற ஆசிரியர்கள் நிறையப் பேர். நான் செய்ததில்லை. பயிலரங்கு என்றால் எனக்கு உயிர். கல்யாண வீட்டுக்குப் போகிறவள் போல முதல் நாளே சேலையை இஸ்திரி போட்டு வைப்பேன்.

குன்னூருக்குக் கீழே ஓர் எஸ்டேட் பள்ளியில் அப்போது வேலை பார்த்தேன். ஐந்தாம் வகுப்பு வரைதான். பள்ளியை நடத்தியதும் சம்பளம் கொடுத்ததும் எஸ்டேட். ஆசிரியைகள் இருவர்: தலைமை ஆசிரியையும் நானும். அவர் கோயம்புத்தூர்ப் பக்கம் பிறந்தவர், என்னைவிட நன்றாக மூத்தவர். கணவர் எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர். என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார், நான் அக்கா என்பேன். அவர் கொண்டுவரும் கொள்ளுப் பருப்புச் சாதத்தில் பாதி என் டப்பாவுக்கு வந்துவிடும். எனக்கு டைபாய்டு வந்தபோது என் வகுப்புகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் தூக்குப் போசியில் ரசத்தோடு, தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துக்கு வந்தவர் அவர். கோபத்தில் இதை விட்டுவிட்டால் நான் பொய் சொன்னவளாகிவிடுவேன்.

என் அம்மா கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு சிலோனிலிருந்து வந்து, அந்த எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர். அவர் வேலையிலிருந்து நின்றபிறகு லயத்து வீடு என் வேலையின் பேரில் இருந்தது. வேலை இருக்கும்வரை வீடு. எங்களுக்கு வேறு கூரை கிடையாது. இதுவும் அக்காவுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் தேயிலை விலை விழுந்தது. இன்றைக்கு ஏறும், நாளைக்கு ஏறும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. ஃபேக்டரி வாரத்தில் இரண்டு நாள் ஓடினால் பெரிய விஷயம். குடும்பம் குடும்பமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கினார்கள். திங்கட்கிழமை பெயர் வாசிக்கும்போது ஏதாவது ஒரு பெயருக்குக் குரல் வராது. "அவங்க போயிட்டாங்க டீச்சர்" என்று பக்கத்துப் பிள்ளை சொல்லும். ஐந்து வகுப்புகளையும் சேர்த்தாலும் ஓர் அறை நிறையாத நிலைமை வந்தது. அக்கா ஆபீஸ் வேலை, மீட்டிங் என்று அடிக்கடி போய்விடுவார். அந்த அறையில் பெரும்பாலும் நான் மட்டும்தான்.

ஐந்து வகுப்பையும் ஒருத்தி எப்படிக் கட்டி மேய்ப்பது? எனக்குத் தெரிந்தது மலைதான். கொழுந்து எடுக்கிற இடத்தில் ஆளுக்கொரு நிரை கொடுப்பார்கள். செடி வரிசைகளுக்கு நடுவே அவள் எடுத்துக்கொண்டு போக வேண்டிய பாதை அது. தன் நிரையை முடித்தவள் சும்மா நிற்கமாட்டாள். பக்கத்தில் பின்தங்கியவளின் நிரைக்குப் போய், எதிர் முனையிலிருந்து எடுத்துக்கொண்டு வருவாள். இருவரும் நடுவில் சந்தித்தால் நிரை முடிந்தது. ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. உதவிக்கு வந்தவள் எடுத்த கொழுந்து நிரைக்காரியின் கூடைக்குத்தான் போக வேண்டும், தன் கூடைக்குப் போகக் கூடாது.

பிள்ளைகளை நான் அப்படி உட்கார வைத்தேன். ஒவ்வொரு நிரையிலும் சின்னதும் பெரிதும் கலந்து இருக்கும். கணக்கை முடித்த பிள்ளை பக்கத்து நிரைக்குப் போய், முடிக்காத பிள்ளையின் பலகையில் கடைசிக் கணக்கிலிருந்து மேலே ஏறி வர வேண்டும். சொல்லிக் கொடுத்துக்கொண்டேதான் வர வேண்டும், போட்டுக் கொடுக்கக் கூடாது. நடுவில் சந்தித்ததும் இரண்டும் சேர்ந்து "நெர முடிஞ்சி!" என்று கத்தும். அந்தச் சத்தத்துக்காகவே பிள்ளைகள் கணக்குப் போட்டன. கொழுந்து எடுக்கிறவர்களின் பிள்ளைகள் அல்லவா, ஒரு தடவை சொன்னதும் பிடித்துக்கொண்டன.

அந்த வருஷம் ஊட்டியில் பள்ளித் தலைவர்களுக்கான பயிலரங்கு வைத்தார்கள். தலைமை ஆசிரியர்கள் போக வேண்டியது. அக்கா என்னை அனுப்பினார்.

"எனக்கு மேடையின்னாலே நாக்கு ஒட்டிக்குது கண்ணு. நீ போயி நம்ம நெரையச் சொல்லு. நம்ம இஸ்கோலுக்கு ஒரு பேரு கெடைக்கட்டும்" என்றார்.

என் நிரை 'நம்ம நெரை' ஆனதில் எனக்குச் சந்தோஷம்தான். அக்காவும் நானும் வேறு வேறா என்ன?

கடைசி நாள் பள்ளி நிர்வாகிகளும் வருவார்கள் என்பதால் அக்காவும் என்னோடு பஸ் ஏறினார். கேத்தி தாண்டும்வரை நான் பேசப்போவதை அவரிடம் ஒப்பித்துக்கொண்டே வந்தேன். எல்லாம் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் சரி கண்ணு, முடிவுதான் சப்புன்னு இருக்குது. கேக்கறவங்க மனசுல ஒண்ணு நிக்கோணுமல்லோ? 'அஞ்சு வகுப்பா இருந்தா என்னங்க, ஒரே ஒரு ஆசிரியர் போதும்'னு முடி. கைதட்டு அள்ளிக்கிட்டுப் போகும்."

"நாம ரெண்டு பேரு இருக்கோமேக்கா?"

"அட, பேச்சுக்குத்தானே சொல்றது. நீயொருத்தி."

நானும் அப்படியே முடித்தேன். மண்டபம் முழுக்க மழைக் கைதட்டல். எங்கள் எஸ்டேட் மேனேஜர் முன்வரிசையில் இருந்தார். மேனேஜரை நாங்கள் தொரை என்றுதான் சொல்வோம். அவர் எழுந்து நின்றே தட்டினார். திரும்பிப் பார்த்தேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பெற்றவள்கூட எனக்காக இப்படிப் பூரித்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி ஒரு மண்டு நான்.

அடுத்த வாரம் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தலையில் பூ வைத்துக்கொண்டு போனேன். தொரை உட்காரச் சொன்னார், நல்ல மரியாதையாகத்தான் பேசினார்.

"விலை நெலவரம் உங்களுக்கே தெரியும் டீச்சர். ஒரு போஸ்ட்தான் வச்சிக்க முடியும். சீனியர் இருப்பாங்க. நீங்களே சொன்னீங்களே, ஒரே ஒரு ஆசிரியர் போதும்னு."

பரீட்சை முடிந்ததும் வீட்டையும் காலி செய்துவிட வேண்டும் என்றார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று ஊரில் சொல்வார்கள். நான் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு ஊட்டிவரை போய் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வாசலில் கிளார்க் நின்றிருந்தார். பாவப்பட்டு, அவராகவே சொன்னார்.

"ஏனுங்க டீச்சர், உங்களுக்கு நெசமாலுமே தெரியாதுங்களா? பயிலரங்குக்கு முந்தியே இஸ்கோல மூடறதாத்தானுங்க தொரை இருந்தாரு. பெரிய டீச்சர்தான் வந்து, ஒரு ஆள வெச்சே நடத்திப்போடலாம், ஊட்டிக்கு வந்து நீங்களே கேளுங்கன்னு சொன்னாங்க."

அங்கிருந்து பள்ளிக்கூடம்வரை எப்படி ஏறினேன் என்று தெரியாது. அக்கா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார், நான் எங்கே போய்விட்டு வருகிறேன் என்று தெரிந்துதான்.

"தெரிஞ்சேதான் என்னைய அப்படிச் சொல்லச் சொன்னீங்களா?"

"மூடிட்டா ரெண்டு பேருக்குமே இல்லாமப் போயிருமே கண்ணு. எங்க ஊட்டுக்காரருக்கு வாரத்துல ரெண்டு நாளு வேலை. புள்ள காலேஜுல படிக்குது. நீ சின்ன வயசு, எங்க போனாலும் பொழைச்சுக்குவ."

"எங்கம்மா எங்கக்கா போவாங்க? அதை எங்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா நீ மேடையேறியிருப்பியா?"

பல வருஷம் யோசித்துவிட்டுச் சொல்கிறேன், ஏறியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பள்ளியை மூடிவிட்டால் அந்தப் பிள்ளைகளும் திருப்பூருக்குத்தான் போக வேண்டும். அழுதுவிட்டு, சண்டை போட்டுவிட்டு, கடைசியில் சரி என்றிருப்பேன். அப்போது அது நானாகக் கொடுத்ததாக இருந்திருக்கும். அந்த வாய்ப்பையும் சேர்த்துத்தான் அவர் எடுத்துக்கொண்டார். ரசம் கொண்டுவந்து கொடுத்த கை என்பதால்தான் இத்தனை வலித்தது. யாரோ ஒருத்தி செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

நான் கிளம்பத் திரும்பியபோது பின்னாலேயே வந்தார்.

"அந்தக் கடைசிக் கணக்குல இருந்து மேல ஏறி வர்றது இருக்குதில்ல, அது மட்டும் எனக்குச் சரியா வர மாட்டேங்குது. போறதுக்குள்ள ஒருக்காச் சொல்லிக் குடுத்துட்டுப் போ கண்ணு."

எதையாவது தூக்கி அடித்துவிடலாமா என்று வந்தது. ஆனால் உள்ளே பிள்ளைகள் எங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. போய்ச் சொல்லிக் கொடுத்தேன். அக்கா பின்பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தார்.

பரீட்சை முடிந்ததும் அம்மாவும் நானும் கூடலூர் பஸ் ஏறினோம். நாடுகாணிக்குப் பக்கத்தில் மாமா வீடு இருந்தது. பைக்காரா தாண்டியதும் அம்மா ஒரே ஒரு தடவை சொன்னார்.

"ஓன் கொழுந்த அவ கூடையில போட்டுகிட்டா புள்ள. எங்க காலத்துல இப்பிடிச் செஞ்சவள நெரைக்கே சேக்க மாட்டோம்."

மாமா வீட்டுத் திண்டாட்டத்தையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது? ஒண்டுக் குடித்தனத்தில் அம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்தது. எனக்குக் கூடலூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைக்க வெகுநாள் ஆயிற்று. அம்மா தன் வீடு என்று ஒன்றைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

சில வருஷம் கழித்து அந்தத் தனியார் பள்ளியிலிருந்து என்னை ஊட்டிப் பயிலரங்குக்கு அனுப்பினார்கள். அதே மண்டபம், அதே தும்பிக்கைப் பாட்டு. டீக்கு முன்னால் கருத்தாளர் ஒருவர் பேசுவார் என்றார்கள். மேடையேறியது அக்கா.

நாக்கு எங்கும் ஒட்டவில்லை. கணீரென்று பேசினார். நிரை, பக்கத்து நிரை, எதிர் முனையிலிருந்து ஏறி வருவது, "நெர முடிஞ்சி" என்று பிள்ளைகள் கத்துவது வரைக்கும் எதையும் விடவில்லை. "இதைய நானாத்தானுங்க யோசிச்சுக் கண்டுபிடிச்சேன்" என்றார். "அஞ்சு வகுப்பா இருந்தா என்னங்க, ஒரே ஒரு ஆசிரியர் போதும்" என்று முடித்தார். மழைக் கைதட்டல் வலுத்து ஓய்ந்தது. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். நான் எழுந்தேன்.

"உங்க பள்ளியில முந்தி ரெண்டு டீச்சர் இருந்தாங்களே, இன்னொருத்தங்க என்ன ஆனாங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது என்பது கண்ணிலேயே தெரிந்தது. ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

"அவிங்க சொந்த விருப்பத்துல வேலைய உட்டுட்டுப் போயிட்டாங்க."

நல்ல கேள்வி என்று எனக்கும் ஒரு கைதட்டல் போடச் சொன்னார்கள், போட்டார்கள். நான் உட்கார்ந்தேன்.

டீ இடைவேளையில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். கையில் இரண்டு கிளாஸ் டீ. ஒன்றை என் பக்கம் நீட்டினார். முன்னைவிட இளைத்திருந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"எம்மேல இன்னும் கோவமா கண்ணு? சரி, அது போகட்டும். உன்ற அளவுக்கு எனக்குப் பேச வருமா? கடைசி வரியையாச்சும் நல்லாச் சொன்னனா?"

அந்த டீயை நான் வாங்கவில்லை.

"கடைசி வரி உங்களுதுதானேக்கா, அதுல என்ன குறை இருக்கப்போவுது" என்றேன். "நெரைதான் என்னுது."