குறுக்கே பிடித்த கம்பு

அன்று வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் நான்கு பேர். கண்ணபிரான் ஆகிய நான், என் தம்பி லிங்கராஜ், அவன் மனைவி யோகலட்சுமி, அவர்கள் மகள் பானு. ஐந்தாவது ஆள் கிடையாது. எழுபத்து மூன்று வயதில் பொய் சொல்லிப் பெயர் வாங்கும் அவசியம் எனக்கு இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு. சென்னையில் படிக்கும் பானு லீவுக்கு வந்திருந்தாள். அவள் போனில் ஒரு புதையல் வேட்டை இருந்தது. கோவில்பட்டியை நடந்தே சுற்ற வேண்டும். போன் ஒரு குறிப்புத் தரும். இடத்தைக் கண்டுபிடித்து விடை போட்டால்தான் அடுத்த குறிப்பு வரும். மொத்தம் நான்கு இடம்.

“ஏட்டி, நம்ம ஊருல நமக்குத் தெரியாத எடம் எங்கன இருக்கு?”

“வந்து பாருங்க பெரியப்பா. தோத்துட்டு மூஞ்சியத் தூக்கக் கூடாது.”

காலை 10.15க்குக் கிளம்பினோம். நான் கடைசியில் நடந்தேன். இருபது வருஷம் முன்புவரை எங்களுக்கு ஆட்டு மந்தை இருந்தது. மேய்ப்பவன் பின்னால்தான் நடப்பான். சாயங்காலம் பட்டி வாசலில் கம்பைக் குறுக்கே பிடித்து, ஒவ்வோர் ஆட்டுக்கும் ஒரு முறை தூக்கி உள்ளே விடுவான். நாங்கள் எண்ணுவது அப்படித்தான். நான் ஒரு நாளும் பிசகியதில்லை. அந்தக் கம்புதான் இன்று எனக்கு ஊன்றுகோல். மனிதர்களோடு போனாலும் தலையை எண்ணிக்கொண்டே போவது என் பழக்கம்.

ரயில் நிலையம், 10.40. மேம்பாலத்துப் படிகளை எண்ணச் சொன்னது போன். நான் சொன்ன எண்தான் சரி. முன்னால் மூன்று பேர்.

செண்பகவல்லி அம்மன் கோயில் வாசல், 11.00. முன்னால் மூன்று பேர்.

கதிரேசன் மலை அடிவாரம், 11.20. முன்னால்... நான்கு பேர்.

நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினேன். மூன்று.

வெயிலில் சுட்டுக்கொண்டிருந்த பாறையில் ஈரம். பாதச் சுவடு.

“யாருட்டி வெறுங்கால்ல நடக்கது?”

“எல்லாரும் செருப்புதான போட்டிருக்கோம், பெரியப்பா.”

அதன்பின் சத்தம் கேட்டது. சொட்... சொட்... ஈரத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். சீயக்காய் வாசனை.

எனக்குப் பின்னாலிருந்து.

கடைசி இடம் குலாம் ரசூல் என்பவரின் மிட்டாய்க் கடை, 11.45. வேட்டையை முடித்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு பாக்கெட் கடலைமிட்டாய். அவர் ஐந்து பாக்கெட் எடுத்து வைத்தார்.

“நாலு பேருக்கு எதுக்கு அஞ்சு?” என்றான் லிங்கராஜ்.

“பின்னால நிக்கவியளுக்கு வேண்டாமா, அண்ணாச்சி? தலையெல்லாம் நனைஞ்சிருக்கு. நெத்தியில தழும்பு வேற. அப்படியே ஒங்க சாடை.”

என் தோளுக்குப் பின்னால் பார்த்துத்தான் சொன்னார். லிங்கராஜ் முகம் வெளுத்துவிட்டது. நான் திரும்பவில்லை.

எங்களுக்கு ஒரு தங்கை உண்டு. ராதாமணி. நெற்றியில் கிடா முட்டிய தழும்பு. நாற்பத்தொரு வருஷம் முன்பு, நாங்கள் வேண்டாம் என்றவனைக் கட்டிக்கொண்டு நாகலாபுரம் போனாள். செத்தவர்களுக்குச் செய்வதுபோல், உயிரோடு இருந்தவளுக்கு வீட்டில் எல்லோரும் தலை முழுகினோம். எங்கள் தலை காயுமுன் அவள் வாசலில் வந்து நின்றாள். “அண்ணே” என்றாள். கம்பைக் குறுக்கே பிடித்தவன் நான். இந்த வாசலை அவள் மிதிக்க விடமாட்டேன் என்று அப்பாவுக்குச் சத்தியம் செய்தவனும் நான். அந்தச் சத்தியத்தை அன்றுவரை காத்து வந்தேன்.

12.05. வீட்டு வாசல்.

கம்பைக் குறுக்கே பிடித்தேன்.

லிங்கராஜ். தூக்கினேன்.

யோகலட்சுமி. தூக்கினேன்.

பானு. தூக்கினேன்.

இறக்கினேன்.

சொட்... சொட்...

“அண்ணே.”

தூக்கினேன்.

வாசலிலிருந்து அடுக்களை வரை, சிமென்ட் தரையில், ஈரப் பாதம்.

மறுநாள் காலை 7.10க்கு நாகலாபுரத்திலிருந்து போன் வந்தது.

“மாமா, நான் மணிராஜ். ராதாமணி மகன். அம்மா நேத்துத் தவறிட்டாவ. தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கையில விழுந்துட்டாவ.”

“எத்தன மணிக்கு?”

“பதினொண்ணே கால் இருக்கும். அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான் குளிக்கப் போனாவ.”

இன்றும் நண்பகல் 12.05க்கு அந்தத் தரை நனைகிறது. யோகலட்சுமி துடைக்கிறாள்.

எங்கள் வீட்டுக்குள் பேய் புகுந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. எதுவும் புகவில்லை. கம்பைத் தூக்கி உள்ளே விட்டவன் நான்.