மிளகாய் அரைச்ச கை

ஆத்தாவை நம்புற சனங்களே, நான் அவகிட்ட கேட்டது ஒருத்தியோட நாசம். அதை மறைக்காமச் சொல்லிடுறேன்.

ஹட்டனுக்கு மேல எங்க தேயிலைத் தோட்டம். அந்த ஐப்பசியில என் தங்கச்சி பாக்கியம் படுத்துட்டா. சோறு வேணாங்குறா, கொழுந்து எடுக்கப் போகமாட்டேங்குறா, "செத்துப்போறேன்க்கா"ன்னு சுவத்தைப் பாத்து அழுவுறா. கோடாங்கி வந்து உடுக்கையடிச்சு, எங்க லயத்து வீட்டு வரிசையில பக்கத்துக் காம்பரா ராக்கம்மா செய்வினை வெச்சிருக்கான்னான். எனக்கு அது போதும். பீலிக் குழாயில தண்ணி பிடிக்க என்கூட மல்லுக்கு நிக்கிறவதானே அவ.

நேரா காளி கோயிலுக்குப் போனேன். மிளகாயை அரைச்சு பீடத்துல பூசுனேன். "என் தங்கச்சி கிடக்குறாப்புல ராக்கம்மாவும் கிடக்கணும், அவ வாய் வெந்து போகணும்"னேன். கை எரிஞ்சுச்சு. மனசு குளுந்துச்சு.

பாக்கியம் இன்னும் மோசமானா. தோட்டத்து மருந்துக்காரர் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் குடுத்தார். ஆஸ்பத்திரியில எல்லாம் சிங்களமா மாறிக்கிட்டிருந்த காலம். எங்க லயத்துல சிங்களம் தெரிஞ்சவ ஒருத்திதான், சிங்களச் சனம் நிறைஞ்ச கினிகத்தேனையில வளந்த ராக்கம்மா. பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கூப்பிட்டேன். மறு பேச்சில்லாம வந்தா.

டாக்டர் கேட்டதை அவதான் எனக்குச் சொன்னா. "இதுக்கு முந்தி தூங்காம, அளவு மீறி சந்தோஷமா இருந்தாளான்னு கேக்குறாரு."

"அதெல்லாம் இல்லை. சித்திரையில அம்மன் அருள் வந்துச்சு, அவ்வளவுதான்"னேன்.

"அக்கா, அருள் வந்தா இறங்கிடும். இவ அப்ப ரெண்டு வாரம் தூங்கலை. பாடுனா, சிரிச்சா, இருந்த சேலையெல்லாம் அள்ளிக் குடுத்தா. ஒரே சுவருதானே, எனக்குக் கேட்டுச்சு."

அதையே டாக்டருக்கும் சிங்களத்துல சொன்னா. அவர் எழுதிக்கிட்டிருந்ததை அடிச்சார். அந்தச் சிரிப்பும் இந்த அழுகையும் ஒரே நோயாம். வெறும் சோகம்னு நினைச்சு மருந்து குடுத்திருந்தா, மறுபடி அந்தச் சிரிப்புப் பக்கம் தூக்கி விட்டிருக்குமாம். வேற மருந்து எழுதுனார். தை பொறக்கையில பாக்கியம் கூடையை மாட்டிக்கிட்டு மலைக்குப் போனா.

இப்பவும் அவ தூங்காமச் சிரிச்சான்னா நான் சூடம் கொளுத்துறதில்லை. ராக்கம்மாவையும் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுறேன். அந்தக் கோடாங்கியை மட்டும் நான் மன்னிக்கலை. எங்க வாசல்ல அவன் கால் வைக்கட்டும், பாத்துக்குறேன்.

பீடத்தைக் கழுவிப் பால் ஊத்திட்டு வந்தேன். மிளகாய் அரைச்சதை ராக்கம்மாகிட்ட இன்னும் சொல்ல வாய் வரலை. உங்க வீட்டுல இப்படி ஒரு பிள்ளை கிடந்தா, ஆத்தாவை நம்பிக் கேளுங்க. டாக்டர்கிட்ட அழுத மாசத்தை மட்டுமில்லை, சிரிச்ச மாசத்தையும் சொல்லுங்க. ஆத்தா எனக்குக் கேட்டதைக் குடுக்கலை. நான் வேகச் சொன்ன வாயாலதான் என் தங்கச்சியைத் திருப்பிக் குடுத்தா.